மாலை கழட்டாத சாமி

வெங்கடேஸ்வரி: ...டாக்டரம்மா கையுறைய மாட்டிக்கிட்டு, "இருமுங்க"ன்னாவ. இருமுனேன். "இன்னும் நல்லா"ன்னாவ. ரெண்டு தெருவுக்குக் கேக்குற மாதிரி இருமிக் காட்டுனேன் மயினி.

பரிபூரணம்: மெல்லப் பேசுட்டி. ராசபாளையத்துல காட்டுனா ஊருக்கே தெரியும்னுதான் சீவில்லிபுத்தூருக்கு வந்தோம். நீ பஸ் ஸ்டாண்டுல உக்காந்து தமுக்கு அடிக்க... சரி, இருமுனப்ப அடி ஏதும் எறங்குச்சா?

வெங்கடேஸ்வரி: எறங்க என்ன இருக்கு? கர்ப்பப்பைய எடுத்தாச்சு, மிச்சத்தத் தூக்கிக் கட்டியாச்சு. தையல் அம்புட்டும் ஆறிருச்சாம். போன வருசம் இந்நேரம் தும்மல் வந்தா ஒரு கை மூக்குக்கு, ஒரு கை கீழன்னு அலைஞ்சேன்.

பரிபூரணம்: சிரிக்க வைக்காத...

வெங்கடேஸ்வரி: சிரிங்க. முன்ன சிரிச்சாலே எனக்குச் சேலை நனையும். இப்ப எல்லாம் புதுசாத் தச்சுக் குடுத்திருக்காவ. போட்டுக்கிட்டுப் போகத்தான் விசேசம் ஒண்ணும் வரல.

பரிபூரணம்: என்னட்டி சொல்லுத?

வெங்கடேஸ்வரி: ஒங்க தம்பியச் சொல்லுதேன். ஐப்பசில ஆப்பரேசன். கார்த்திகைல ஐயப்பனுக்கு மாலை போட்டாவ. எனக்காக வேண்டுதல்னு நெனச்சேன். அதக் கழட்டுனா, தையில திருச்செந்தூருக்குப் பச்ச வேட்டி. பொறவு பங்குனில பழனி. ஆடி இன்னும் பொறக்கல, இருக்கன்குடிக்கு மஞ்சத் துணி எடுத்து வச்சாச்சு.

பரிபூரணம்: நல்லதுதான. பக்தி.

வெங்கடேஸ்வரி: பக்தியா? மிலிட்டரிலருந்து வந்தவிய, கோட்டா பிராந்தி பாட்டில் வந்தாத்தான் கையெடுத்துக் கும்பிடுவாவ. இப்ப, "சாமி, சாப்பிட வாங்க. சாமி, தண்ணி மோந்து தரவா"... புருசங்கூடக் குடும்பம் நடத்த வந்தேன், கோயில் நடத்திக்கிட்டு இருக்கேன்.

பரிபூரணம்: அம்பதுக்குப் பொறவு ஒனக்கு என்னட்டி வேண்டிக் கெடக்கு?

வெங்கடேஸ்வரி: அதத்தான் நானும் என்னையக் கேட்டுக்கிட்டேன். பேரன் பொறந்தாச்சு, வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆசைக்கு யாரும் ஆப்பரேசன் பண்ணலியே. ஒருநா மத்தியானம், மருமக செட்டியார்பட்டிக்குப் போயிருந்தா. நான் பூ வச்சு, பவுடரு அப்பி, பக்கத்துல போயிப் படுத்தேன். அவிய பாயச் சுருட்டிக்கிட்டு, "சாமி சரணம்"னு மாடிக்கு ஏறிட்டாவ.

பரிபூரணம்: ஐயோ... பூவ என்ன செஞ்ச?

வெங்கடேஸ்வரி: சாமி படத்துக்குப் போட்டேன். ரெண்டு சாமில ஒண்ணாவது வாங்கிக்கிடட்டும்னு. பொறவு அடுப்படில உக்காந்து அழுதேன் மயினி. தச்ச ஒடம்பு, அவியளுக்கு அருவெறுப்பா இருக்கும்போலன்னு.

பரிபூரணம்: அதெல்லாம் இல்லட்டி. அவன் பாவம்...

வெங்கடேஸ்வரி: இல்லன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

பரிபூரணம்: ...பஸ்சு வருது பாரு, எந்திரி.

வெங்கடேஸ்வரி: அது மதுரை பஸ்சு. உக்காருங்க. ஒங்கள மாத்திரை வாங்க அனுப்பிட்டு டாக்டரம்மா கேட்டாவ, "வீட்டுக்காரரோட சேர்ந்தீங்களா, வலி இருந்துச்சா"ன்னு. இன்னும் இல்லம்மான்னேன். "ஆறு வாரம் போனா இருக்கலாம்னு அன்னைக்கே ஒங்க நாத்தனார்கிட்ட சொன்னேனே"ன்னாவ. காய்ஞ்சு போயிருந்தாத் தடவச் சொல்லி க்ரீம் வேற எழுதிக் குடுத்தாவ.

பரிபூரணம்: அந்தக் க்ரீம் சீட்டக் குடு, நான் போயி வாங்கிட்டு வாரேன்.

வெங்கடேஸ்வரி: ஒங்க தம்பிகிட்ட என்ன சொன்னீய?

பரிபூரணம்: ஒரு வருசம் தொடக்கூடாதுன்னேன். தொட்டா ஒன் உசுருக்கே ஆபத்துன்னு. அவன் பயந்துட்டான். "மாலை கழுத்துல கெடந்தாத்தான்க்கா நான் அடங்கி இருப்பேன்"னான்.

வெங்கடேஸ்வரி: அடங்கி இருக்கவா... நான் கண்ணாடி பாக்குறதையே விட்டுட்டேனே மயினி. ஏன் அப்பிடிச் சொன்னீய? நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?

பரிபூரணம்: நீ ஒண்ணும் செய்யலட்டி. எனக்கும் இதே ஆப்பரேசன்தான், ஊருக்கு வயித்துல கட்டின்னு சொல்லி வச்சிருந்தோம். வீட்டுக்கு வந்து பத்து நாளு ஆகல, எம் வீட்டுக்காரரு உள்ள வந்து கதவச் சாத்திட்டாரு, வலிக்குதுன்னு அழுதும் விடல... அப்ப எனக்காகப் பொய் சொல்ல ஒரு நாத்தனா இல்லாமப் போயிட்டா.