ஞாயிறு மேசையின் ஆறாவது நாற்காலி

மேடையின் நடுவில் அமர்ந்து, என் கையிலுள்ள அட்டைக் கட்டைப் பார்த்தும் பாராததுபோல் புன்னகைக்கும் தலைவர் அவர்களே! என் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, அதன்பிறகு என்னிடம் சம்மதம் கேட்ட செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை முறுவலால் மறைத்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு, வெயிலில் நடந்து வந்து, விசிறியின் கீழே இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! பேச்சு வரும் பக்கம் முகத்தையும் சாப்பாட்டு மணம் வரும் பக்கம் மூக்கையும் வைத்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள்" என்று சைகை காட்டிக்கொண்டே இருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குடித்துவிட்டேன். இனிப் பேசுகிறேன்.

என் கையில் பதினான்கு அட்டைகள் இருக்கின்றன. வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே யாரோ "பதினாலா?" என்று பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. கவலை வேண்டாம் ஐயா, கண் மங்கியவன் எழுதியது. எழுத்துகள் பெரியவை, கருத்துகள் சிறியவை.

நான் பேச்சாளன் அல்லன். வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மழை அளந்தவன். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறப்பேன், அளப்பேன், எழுதுவேன், மூடுவேன். பெய்திருந்தால் இத்தனை மில்லிமீட்டர். பெய்யாவிட்டால் சுழி. மழையிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, மழையும் யாரிடமும் குரல் உயர்த்தச் சொல்வதில்லை. என்னைப்போல் கூச்சம் பிடித்தவனுக்குக் கடவுளே பார்த்துக் கொடுத்த வேலை. நண்பர்கள் எனக்கு வைத்த பெயரும் மழைமானிதான்.

இன்று இந்தச் சங்கம் ஒரு கையேட்டை வெளியிடுகிறது. பால், தயிர், நெய், முட்டை, தேன், இறைச்சி என விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர்கள், எல்லாவற்றையும் உண்ணும் தம் வீட்டாரோடும் நண்பர்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தக்க இருபத்துமூன்று உணவகங்களின் பட்டியல் அது. வீகன் என்கிறார்கள், நனிசைவம் என்று அழகாகவும் சொல்கிறார்கள். "இந்தப் பட்டியலை எப்படித் தயாரித்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார் செயலாளர். சொல்கிறேன். தவறாகத் தயாரித்தேன். அந்தத் தவற்றின் கதைதான் இன்று என் பேச்சு.

எங்களுக்கு ஒரு ஞாயிறு மேசை உண்டு. நான், என் மனைவி, மகள், மருமகன், பல் மருத்துவரான ஒரு நண்பர், பேருந்து ஓட்டுநரான இன்னொரு நண்பர். ஆறு பேர், ஆறு நாற்காலி. ஞாயிறு மதியமானால் ஏதாவது ஓர் உணவகம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இனிப்பு கூடாது என்று ஆறு நாள் சொல்லிவிட்டு, ஏழாம் நாள் இரண்டு கிண்ணம் இனிப்பு வாங்குவார் மருத்துவர். ஓட்டுநர் எங்கே போனாலும் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். கேட்டால், "முன்னால ரோடு தெரியலைன்னா எனக்குச் சோறு இறங்காதுப்பா" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவி பால் ஊற்றாத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பால் தீர்ந்துபோச்சா?" என்றேன்.

"இருக்கு. எனக்குப் போதும்னு தோணுதுங்க."

அவர் கால்நடை மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் செவிலியாக இருந்தவர். இறைச்சியை எப்போதோ விட்டவர். "இதெல்லாம் திடீர்னு எப்படித் தோணும்?" என்றேன்.

"திடீர்னு இல்லீங்க. ஒவ்வொரு கன்னுக்குட்டிக்கும் மருந்து ஊத்துறப்பவும் தோணிக்கிட்டேதான் இருந்தது. ரிட்டையர் ஆனப்புறம்தான் உக்காந்து யோசிக்க நேரம் கிடைச்சது. உங்களை விடச் சொல்லலை. என்னைச் சாப்பிடச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மேடை போட்டுப் பேசவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டு யோசனையை ஐந்தே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். நானோ அதைச் சொல்ல மூன்று அட்டைகள் செலவழித்துவிட்டேன்!

அடுத்த ஞாயிறு உணவகத்துக்குப் போனோம். "சாதத்துல வெண்ணெய் போடுவீங்களாப்பா?" என்று சர்வரிடம் கேட்டார் என் மனைவி.

"லேசாத்தாம்மா."

உடனே பல் மருத்துவர், "லேசா இருந்தா என்னம்மா, நீங்களும் லேசாச் சாப்பிட்டுட்டு வாங்க!" என்றார்.

மேசையே சிரித்தது. சர்வர் சிரித்தார். மகள் சிரித்தாள். நண்பர்களே, நானும் சிரித்தேன். என் மனைவி எலுமிச்சைத் துண்டு பிழிந்த வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு நான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அளந்தே பழகியவன் அல்லவா, இதையும் அளந்தேன். பதினொரு ஞாயிறுகள் அந்த ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது. பன்னிரண்டாவது ஞாயிறு, ஓட்டுநர் தம் பையை எடுத்து அதன்மேல் வைத்தார். அவர்மீது பிழையில்லை. காலியாக இருந்தது, வைத்தார். ஆனால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இன்று பை வைத்தார்கள், நாளை குடை வைப்பார்கள், மறுநாள் சர்வர் வந்து "இது வேணுமாங்க?" என்று நாற்காலியையே தூக்கிக்கொண்டு போவார். முப்பத்தெட்டு ஆண்டுகள் என் அருகில் உட்கார்ந்தவரின் இடத்தை, ஒரு கரண்டி வெண்ணெய்க்காக நான் விட்டுக்கொடுப்பதா?

அன்றே ஒரு குறிப்பேடு வாங்கினேன். நான்கு கேள்விகள் எழுதினேன். என்ன எண்ணெய்? சூப்பின் அடிப்படை நீர் எதில் காய்ச்சியது? ரொட்டி மாவில் பால் உண்டா? தனிப் பாத்திரம் உண்டா? செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் உணவகம். ஏன் செவ்வாய், ஏன் மூன்று மணி? ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். இது என் துறையின் விதி.

அந்த நேரத்தில் உணவகங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். தரை ஈரமாக இருக்கும். கல்லாவில் இருப்பவர் கன்னத்தில் கைவைத்துக் கண்மூடியிருப்பார். ஓரிடத்தில் உரிமையாளர் என் குறிப்பேட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், எந்த டிபார்ட்மென்ட்?"

"வானிலைங்க. ரிட்டையர் ஆயிட்டேன்."

"வானிலைக்கும் எங்க எண்ணெய்க்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதுவந்து... வீட்ல கொஞ்சம் காலநிலை சரியில்லைங்க."

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்தார். எண்ணெய் டின்னையே தூக்கிவந்து, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார்.

இருபத்துமூன்று செவ்வாய்கள். இருபத்துமூன்று பக்கங்கள். பதினேழாம் எண் உணவகத்துக்கு நான்கு கேள்வியிலும் முழு மதிப்பெண். குறிப்பேட்டை மனைவியிடம் நீட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். "இவ்வளவும் எனக்காகவா அலைஞ்சீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

ஆறு பேர். ஆறு நாற்காலி. ஓட்டுநர் தம் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். உணவகத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். பூசணிக்காய் சூப் வந்தது. ஆவி பறந்தது. மனைவி கரண்டியை எடுத்தார், முகந்தார், ஊதினார்.

நான் சூப்பைப் பார்த்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் நீர்ப்பரப்பையே குனிந்து பார்த்த கண் இது. மேலே மஞ்சளாக, மினுமினுப்பாக, சின்னச் சின்ன வட்டங்கள். ஓரத்தில் வெள்ளையாக நுரை. எண்ணெய் அப்படி நுரைக்காது. வெண்ணெய்!

கரண்டி உதட்டுக்குப் போகிறது. கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே! தவறாக இருந்தால்? கண்ணுக்கு வயதாகிவிட்டதே! சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என்னை நம்பித்தானே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்!

எழுந்து நின்றேன். "நில்லு! குடிக்காதே!"

கத்தியே விட்டேன். உணவகம் மொத்தமும் திரும்பியது. பக்கத்து மேசைக்காரர் தம் தட்டையும் தள்ளி வைத்துவிட்டார், விஷம் என்று நினைத்தார் போலும். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்மா. சமையல் யாருங்க? கொஞ்சம் வெளிய வாங்க!"

சமையலறைக் கதவு திறந்தது. நல்ல உயரமாக ஓர் அம்மையார், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, கையில் என் கையளவு நீளக் கரண்டி. "யாருங்க கூப்பிட்டது?"

என் வீரம் அந்த நொடியில் சுழி மில்லிமீட்டர். "நான்... நான்தாங்க. இந்த சூப்ல வெண்ணெய் இருக்குங்களா?"

"இருக்கே! இறக்குறப்ப ஒரு கரண்டி. என் கைப்பழக்கம்."

"செவ்வாய்க்கிழமை இல்லைன்னு சொன்னாங்களே!"

"செவ்வாய்க்கிழமை என் தம்பி சமையல், எனக்கு லீவு. அவன் போடமாட்டான். ஞாயித்துக்கிழமை சாப்பிடப்போறவரு ஞாயித்துக்கிழமை வந்துல்ல கேக்கணும்?"

பெரியோரே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. வெட்கமான பதில். ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் செவ்வாயையும் மூன்று மணியையும் தேர்ந்தெடுத்தது விதியன்று, என் பயம். அந்நேரத்தில் ஆள் இருக்காது. நான் கேட்பது யாருக்கும் கேட்காது. என் மனைவிக்காகக் கேட்கப் போனேன், யாருக்கும் தெரியாமல் கேட்கப் போனேன். ஊரறியச் சிரித்தவன், ஒருவரும் அறியாமல் பரிகாரம் தேடினேன்.

"கேட்டா போடாமலே இருந்திருப்பேனே! இதுல என்னங்க இருக்கு?" என்றார் அந்த அம்மையார். என் மனைவி பக்கம் திரும்பி, "அஞ்சு நிமிஷம் பொறுங்கம்மா, புதுசா இறக்கித் தர்றேன்" என்றார்.

அப்போது ஒன்று நடந்தது. மூலை மேசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். "அக்கா, எங்களுக்கும் வெண்ணெய் இல்லாமக் கிடைக்குமா? என் பெரிய பொண்ணுக்குப் பால் ஒத்துக்காது. கேக்கக் கூச்சமா இருந்தது." சன்னல் ஓரத்திலிருந்து ஓர் இளைஞர், "எனக்கும்ங்க." வாசலில் காத்துக்கொண்டிருந்த இருவர், "எங்களுக்கும்!" நெய் வேண்டாதவர்கள், முட்டை ஆகாதவர்கள், கேட்கத் தெரியாதவர்கள், கேட்கத் துணியாதவர்கள். அந்த அறை முழுவதும் என்னைப் போன்ற மழைமானிகள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்!

பல் மருத்துவர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் அதே சூப் கொண்டாங்கம்மா. லேசாக்கூட வெண்ணெய் வேண்டாம்." என் மனைவியைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. என் மனைவி அதற்குமேல் எதிர்பார்க்கவும் இல்லை.

புது சூப் வந்தது. என் மனைவி ஒரு கரண்டி குடித்தார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்: "நீங்க சத்தமாப் பேசி இன்னிக்குத்தாங்க கேட்டேன். அன்னிக்குச் சிரிச்சீங்களே, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

அவையோரே! அந்த வாக்கியத்துக்குப் பிறகு இருபத்துமூன்று உணவகங்களுக்கும் மறுபடி போனேன். ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி, நெரிசலுக்கு நடுவே, நிமிர்ந்து நின்று கேட்டேன். குறிப்பேட்டில் ஐந்தாவது கேள்வி ஒன்று சேர்ந்தது: "இன்று சமைப்பவர் யார்?" அந்த ஐந்து கேள்விகளும் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. பட்டியலைவிட அவைதாம் முக்கியம். சமையல்காரர் மாறுவார், எண்ணெய் மாறும், என் பட்டியலும் ஒருநாள் பழையதாகும். கேட்கும் பழக்கம் பழையதாகாது.

உங்கள் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நான் இன்றும் பால் ஊற்றித்தான் தேநீர் குடிக்கிறேன். மூன்றாவது வரிசை தலையசைக்கிறது, பொய்யில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை உங்கள் வீட்டார் உணவகம் கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க" என்று ஒருவர் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள்! என்ன இருந்தால் வருவீர்கள் என்று கேளுங்கள்! அவருக்காகச் சர்வரைக் கேளுங்கள், சமையலறையைக் கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள்! மேசை என்பது பலகையும் நான்கு கால்களுமா? பண்டமும் பாத்திரமுமா? வரவேண்டியவர் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதானே அது மேசை! அதுவரை அது வெறும் மரச்சாமான்!

கைதட்டுகிறீர்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அட்டையில் இந்த இடத்தில் "அமைதி" என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மிச்சமுள்ள இரண்டு அட்டைகளிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறேன்.

அடுத்து மதிய உணவு. அதற்குமுன், கூடத்தின் கடைசியில், கதவருகே நீளக் கரண்டியோடு நிற்கும் அம்மையாரே! உங்களைத்தான்! இத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்கிறேன். இன்று சமைத்தது யாருங்க?

"நானேதாங்க ஐயா!" என்கிறார்.

இறக்கும்போது அந்த ஒரு கரண்டி?

"வெண்ணெயை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேங்க!" என்கிறார்.

கேட்டீர்களா அவையோரே? கேட்டேன், கிடைத்தது! என்னை அழைத்த சங்கத்துக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், தூணோரம் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாருங்கள், எல்லோரும் உட்காரலாம். வணக்கம்!