துரை கல்லறையில் குதிரை

“ஹலோ... ஹலோ, அண்ணே... கேக்குதா? நான் அல்போன்சா... அல்போன்சாண்ணே, ஒன் தங்கச்சி... ஆமா, ஆமா... வச்சிராத! வச்சிராதண்ணே, நான் பிரிட்டோவப் பத்திப் பேசக் கூப்பிடல... ஆமா, நம்பு... இது வேற விசயம். நம்ம துரை கல்லறையத் தொறந்துட்டாங்க.”

பச்சைப் பொய். தம்பி பிரிட்டோவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருந்தாள். ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்த மறுநொடி அண்ணன் பாஸ்கல் போனை வைத்துவிடுவார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துப்போன டீச்சர் அவள். எந்தப் பிள்ளையை எப்படிப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா?

பிரிட்டோவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள், ரெட்டியார்சத்திரம் அருகே கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறங்கியிருந்தாள். இறங்கியதிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. குழிவரை போவாள், ரோட்டுக்கு வருவாள், மறுபடியும் குழிவரை போவாள்.

“எங்கயா? இங்கதான், இஷாக் பாய் டீக்கடை வாசல்ல நிக்கிறேன்... ஆமா, கல்லறைக்கு வெளக்குப் போடுவாரே, அவரேதான்... அட, இடிக்கலண்ணே. ரோட்டை அகலப்படுத்துறாங்கல்ல, கல்லறையப் பத்திரமா அங்கிட்டு ஓரமா மாத்தப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி தோண்டிப் பாக்கணும்னு தொல்லியல்காரங்க வந்திருக்காங்க... ஆமா, ஆமா, கவர்மெண்டுதான்... இசைவாணின்னு ஒரு அதிகாரி. சின்னப் பொண்ணு. தூரிகைய வச்சுக்கிட்டு மண்ணைப் பைய பையத் தள்ளுது... சரி, நீ நின்னுக்கிட்டு இருக்கியா, ஒக்காந்திருக்கியா?... மொதல்ல ஒக்காரு.”

துரை என்றால் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான். ஒன்பதடி உயர வெள்ளைக்காரத் துரை. மேற்கேயிருந்து ஒரு குதிரைப்படை வந்தபோது ஊர்சனம் மொத்தமும் காட்டுக்குள் ஓட, ஒற்றை ஆளாய்ப் பாதையை மறித்து நின்று, பொழுது சாயும்வரை வாள் வீசிச் செத்தவர். எந்தப் படை, எந்தக் காலம், துரைக்கு என்ன பெயர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உயரத்தில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது, அவ்வளவு நீளமான கல்லறையே கண்முன்னால் இருக்கும்போது எப்படி வரும்? சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் அவருக்குச் சுருட்டும் பன் ரொட்டியும் வைத்தார்கள். பேச்சுவார்த்தையில் தீராத வழக்கென்றால் கையில் உப்பை எடுத்துக்கொண்டு அங்கேதான் சத்தியம் செய்வார்கள். மாதா முன்னால் செய்த சத்தியத்தை மீறினால் மாதா மனமிரங்கி மன்னித்துவிடுவாள். துரை மன்னிக்க மாட்டார், தூக்கத்தில் வந்து நெஞ்சிலே மிதிப்பார். பாஸ்கலும் அங்கேதான் சத்தியம் செய்திருந்தார்.

“உள்ள துரை இல்லண்ணே... ஆமா... மனுசனே இல்ல... இரு, முழுசாக் கேளு. குதிரை... குதிரைண்ணே! நாலு காலு குதிரை!... நான் ஏன் வெளாடப் போறேன், என் கண்ணால பாத்தேன். இம்புட்டு நீளத்துக்குத் தாடை, வரிசையாப் பல்லு. வாய்ப்பக்கம் துருப்பிடிச்ச கடிவாளம். கால்ல லாடம்கூட அப்படியே இருக்கு... ஆமா, கால நீட்டிப் படுக்க வச்சிருக்காங்க, அதான் அம்புட்டு நீளக் கல்லறை... அதையும் கேட்டேன்ணே! ‘ஏம்மா, குதிரைக்கு அடியில துரை படுத்திருந்தா?’ன்னு கேட்டேன். பாவம், அந்தப் பொண்ணு சிரிக்கல. அடியில பாறை வரைக்கும் தோண்டியாச்சு டீச்சர், வேற எலும்பே இல்லங்குது.”

ஒரு மணல் லாரி போனது. அவள் மறுகாதைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன கேட்ட?... துரை எங்க போனாரா? யாரு கண்டா? அது தெரியாதாம். ஆசையா வளத்த குதிரைக்கு எவனோ எசமான் கட்டின கல்லறையா இருக்கும், அதுக்கு மேல இப்பச் சொல்ல முடியாதுங்குது அந்தப் பொண்ணு... ஆமா, ஆமா... அவரு பாட்டுக்குக் குதிரையப் பொதைச்சிட்டு, கப்பலேறி, ஊர்ல போயி பேரன் பேத்தி எடுத்தாரோ என்னவோ... நாமதான் தலைமுறை தலைமுறையா குதிரைக்குச் சுருட்டு குடுத்திருக்கோம்!... இஷாக் பாயா? அவரு அப்படியே தலையில கைய வச்சு ஒக்காந்துட்டாரு. ஒரு பெரியவரு, துரைதான் குதிரையா மாறிட்டாருன்னு அதிகாரிகிட்டயே சண்டைக்கு நிக்கிறாரு. அதுக்குள்ள ஒரு அம்மா ஓடிப்போயி கொள்ளு கொண்டாந்து வச்சிருச்சு. நெசமா!”

சிரித்தாள். திண்டுக்கல் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த பஸ்ஸிலாவது ஏறியாக வேண்டும். அதற்குள் அண்ணனை வழிக்குக் கொண்டுவர வேண்டும். குழிக்குள் அந்தத் தாடையைப் பார்த்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: துரையே இல்லையென்றால் சத்தியம் ஏது?

அம்மா இறந்தபோது பாஸ்கல் குவைத்தில் இருந்தார். அடித்துப் பிடித்து விமானம் ஏறி வந்து வாசலில் கால் வைத்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சித்திரை வெயில், ஐஸ் பெட்டி வேறு பாதியில் நின்றுபோனது; பிரிட்டோ காத்திருக்கவில்லை. பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட முடியாத மனிதர் நேராகத் துரை கல்லறைக்குப் போய், உப்பைக் கையில் அள்ளி, ஊரே பார்க்க, ‘இனி இவன் முகத்தைப் பார்க்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பகை. கல்யாண வீட்டில் பிரிட்டோ முன்வாசலில் நுழைந்தால் பாஸ்கல் பின்வாசல் வழியாக வெளியேறுவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி ஓய்ந்துபோனவள் அல்போன்சாதான்.

“அண்ணே, இப்ப நான் சொல்றதப் பொறுமையாக் கேக்கணும்... ஒன் சத்தியம் செல்லாதுண்ணே... ஆமா! யார்ட்ட பண்ண? துரைட்டயா பண்ண? குதிரைட்டல்ல பண்ணிருக்க... வைக்காத! வச்சா நான் இந்த எடத்துலயே ஒக்காந்திருவேன்... ஆமா, பொய்தான் சொன்னேன். அவனப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன்... கேளு. இன்னிக்கு மத்தியானம் அவன மதுரைக்குக் கொண்டு போறாங்க. நாளைக்கு வெள்ளன ஆப்பரேசன். நெஞ்சத் தொறக்கணுமாம்... ம்... ம்... லேசுப்பட்டதில்லண்ணே. பாக்க வேண்டியவங்க வந்து பாத்துக்கங்கன்னு டாக்டர் வாயாலயே சொல்லிட்டாரு. அவன் ஒன்ன மட்டுந்தான் கேக்குறான்... அண்ணே... லைன்ல இருக்கியா?”

இருந்தார். சித்தையன்கோட்டைப் பக்கம் அவருடைய தோட்டத்தில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. மூச்சும் கேட்டது.

“என்ன?... சத்தமாச் சொல்லு... குதிரையா இருந்தா என்னவா?... ஓ... சொன்ன வாய் ஒன் வாயா... சரி... உள்ள எது கெடந்தாலும் நீ சொன்னது சொன்னதுதான்... ம்... ம்.”

அரசாங்கம் ஆள் வைத்துத் தோண்டி எடுத்த உண்மையை அண்ணன் ஒரே வார்த்தையில் மூடிவிட்டார். அவர் அப்படித்தான். பஸ்ஸில் பிறருக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டால் இடுப்பு ஒடிந்தாலும் நின்றுகொண்டே வருகிற ஆள். அந்தக் குணத்தை ஊரே மெச்சும். அவளுக்கோ இன்றைக்கு அதைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

“நல்லா இருக்குண்ணே! ரொம்ப நல்லா இருக்கு! ஒன் வார்த்தைய நீ பத்திரமாப் பொட்டியில வச்சுப் பூட்டிக்க... இல்ல, நான் கத்தத்தான் செய்வேன். பாக்குறவங்க பாக்கட்டும்... அவன் என்ன பண்ணான் தெரியுமா ஒனக்கு? எனக்கே தெரியாது. இப்பத்தான் இஷாக் பாய் சொன்னாரு. வேலை முடிச்சுப் போறப்ப அடிக்கடி இங்க எறங்குவானாம். அவனுக்குத்தான் பொகையே ஆகாதே. சுருட்டப் பத்த வச்சு, இருமி இருமி, ‘துரை, எங்கண்ணன் சொன்ன சொல்லத் திருப்பிக் குடுத்துரு’ன்னு கேப்பானாம்... ஆமாண்ணே... பிரிட்டோதான்... மழையில கூட வந்து நிப்பானாம்... ஒன்ட்ட கேக்க முடியாம, போயிப் போயி ஒரு குதிரைட்ட கேட்டிருக்கான்ணே...”

அழுகை வந்துவிட்டது. ரோடு என்றும் பார்க்கவில்லை, கூட்டம் என்றும் பார்க்கவில்லை, அழுதாள். இஷாக் பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை.

“ம்... ம்... சொல்லு... என்ன சொன்னியா? அன்னிக்கா? ஏன், ஒனக்கே மறந்துபோச்சா?... முகத்தப் பாக்க மாட்டேன்னு சொன்ன... ஆமா, அம்புட்டுதான்... இல்லண்ணே, பேச மாட்டேன்னு சொல்லல. பேசாம இருந்தது நீயாப் பண்ணிக்கிட்டது... தொட மாட்டேன்னா? இல்ல, இல்ல, அப்படியும் சொல்லல. நான் பக்கத்துலதான நின்னேன், எனக்குத் தெரியாதா... ஏண்ணே கேக்குற?... என்னது?... திருப்பிச் சொல்லு... கண்ணக் கட்டிக்கிட்டா?”

கண்ணீரைத் துடைக்கப் போன முந்தானை அப்படியே நின்றது. நரைத்த மீசைக்காரர், பேரன் எடுத்தவர், கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரிக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடக்கப்போகிறாராம். வேறு எந்த வீட்டிலும் இதைப் பைத்தியம் என்பார்கள். அல்போன்சாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தேவிட்டாள்.

“வாண்ணே... கெளம்பி வா... வார்டுல சிரிக்கத்தான் செய்வாங்க... ஆமா, ஆமா, சிரிச்சிட்டுப் போகட்டும்... துண்டு போதும். வார்டு வாசல் வரைக்கும் கண்ணத் தொறந்துக்கிட்டே வா, மாடிப்படியெல்லாம் இருக்கு. அங்க வச்சுக் கட்டிக்க. நான் கையப் பிடிச்சுக் கட்டில் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். அவன் கைய எடுத்து ஒன் கையில வைக்கிறது என் பொறுப்பு... பஸ்ஸுக்கு நிக்காத, நேரமாயிரும்... வண்டியிலயா? சரி, பாத்து வா. வேகம் வேணாம்... சட்டை எதா இருந்தா என்ன, அழுக்கா இருந்தாலும் வா... அவன்ட்ட சொல்லவா?... சரி, சொல்லல. நீயே வந்து பேசு.”

திண்டுக்கல் பஸ் தூரத்தில் தெரிந்தது. கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினாள்.

“பஸ்ஸு வந்துருச்சுண்ணே, வைக்கவா?... இன்னும் என்ன?... கேக்கல. ஏன் இப்படி மெதுவாப் பேசுற, ஹாரன் சத்தத்துல ஒண்ணும் விழல... யாரு, அவனா?... அவன் ஒன் முகத்தப் பாக்கலாமான்னா கேக்குற?”

படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். பின்னால் இருந்தவர்கள் ஏறச்சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

“பாக்கலாம்ணே... அவன் ஒரு சத்தியமும் பண்ணல... ஆச தீரப் பாக்கட்டும்... ஹலோ?... அண்ணே?”

வண்டியை உதைக்கிற சத்தம் ஒருமுறை கேட்டது. இரண்டாவது உதையில் லைன் அறுந்துவிட்டது.