சுவருக்கு இந்தப் பக்கம்

அந்தக் கதிரையில் என் சால்வை கிடக்கிறது, எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு இருங்கோ தங்கச்சி. மொழிபெயர்க்க வந்திருக்கிறீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தேவையில்லை. இந்த லண்டனில், ஈஸ்ட் ஹாமில் பள்ளிக்கூடக் குசினியில் இருபத்தாறு வருஷம் சமைத்தவள் நான். இந்தப் பொலிஸ்காரப் பிள்ளை கேட்கிறதெல்லாம் விளங்குகிறது. ஆனாலும் தமிழில் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது நல்லது. நான் ஆரோடும் இருந்து கதைத்துக் கனகாலம்.

அபெனா பிளேஸ்டோவில் என் பக்கத்து வீட்டுக்காரி, கானாக்காரி. நடுவில் ஒரு சுவர்தான். எனக்கும் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் தத்தெடுக்க எழுதிக் கொடுத்தோம். தத்துக் கொடுக்கிற கவுன்சில்காரி என் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி, "உங்களுக்குப் பொருத்தமான பிள்ளை எங்களிட்டை இல்லை" என்றாள். எந்தப் பிள்ளை என்றாலும் சரி என்றேன். எழுதிக்கொண்டாள். ஆறு மாதத்தில் என் அவர், கிறிஸ்துராஜா, மாரடைப்பில் போனார். தனி ஆளுக்கு ஆதரவு போதாது என்று கடிதம் வந்தது.

அபெனாவை ஐந்து வருஷம் இழுத்தடித்தார்கள். கறுப்புப் பிள்ளைகள்தான் கனகாலம் காத்துக் கிடக்கிறார்கள் என்று சொன்னதும் அவர்கள், கறுப்புத் தாயை நம்பாததும் அவர்கள். அவள் இங்கிலிஷில்தான் சொல்லுவாள், எனக்கு எல்லாம் எங்கட பேச்சில்தான் கேட்கும்.

"ஆன்ரி, இண்டைக்கு என்ன கேட்டவை தெரியுமோ? பிள்ளைக்கு அடிப்பியோ, உறைப்புக் குடுப்பியோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"ஆன்ரியின்ரை நண்டுக்கறிக்கு நானே அழுறனான், பிள்ளைக்கு எப்பிடிக் குடுப்பன் எண்டன்."

அவளுக்கு நற்சான்றுக் கடிதம் கொடுத்ததும் நான்தான். நல்ல தாயாக இருப்பாள் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

கடைசியில் அபெனாவுக்குக் கொடுத்த பிள்ளைதான் எஸி, வந்தபோது மூன்று வயது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலியில் பலகை கழன்ற இடத்தால் என் தோட்டத்துக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. குசினிக் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே வந்த பிறகு பூட்டினேன்.

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். கடிதம் கொடுத்த ஆன்ரி என்று மரியாதையாகக் கதைத்தார்கள். பிள்ளை மேலே அலுமாரிக்குள், என் சீலைகளுக்குப் பின்னால் நித்திரை. இருமல் மருந்து ஒரு கரண்டி கூடக் கொடுத்திருந்தேன்.

பிறகு அவர்கள் அபெனாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவளின் தோட்டத்தைக் கிண்டினார்கள். 'எங்களுக்கு அப்பவே யோசனை' என்றாளாம் கவுன்சில்காரி. அபெனாவின் புருஷன் விட்டுப் போனான். அவள் அழுவது சுவருக்கூடாகக் கேட்கும்.

"அது என்ன சத்தம், அம்மா?"

"குழாயில தண்ணி ஓடுது."

பிறகு சோறு கட்டிக்கொண்டு போய் அபெனாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். கையைப் பிடித்துச் செபம் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அது ஒரு துணைதானே.

பதினேழு வருஷம். பிறின்சி என்று பேர் வைத்தேன். பின் அறை அவளுடையது, யன்னலுக்குத் தடித்த திரை. காய்ச்சல் என்றால் பனடோல். தமிழ் எழுதுவாள், செபமாலை பிழையில்லாமல் சொல்லுவாள். வேலைக்கும் சாமான் வாங்கவும் போகும்போது மட்டும் அறையைப் பூட்டுவேன். திரும்பி வந்து திறந்தால் சிரித்துக்கொண்டு நிற்பாள். என்னைக் கண்டு சிரிக்க இந்த லண்டனில் வேறு ஆர் இருந்தது? இங்கிலிஷ் அவளுக்கு மறந்துபோனது. உங்களைக் கூப்பிட்டது அவளுக்காகத்தான், தங்கச்சி. சொல்லவில்லையோ?

போன வெள்ளி படியில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. பிள்ளை பயந்துபோய்ச் சுவரில் அடித்துக் கத்தினாள். ஆபத்துக்கு என்று அபெனாவிடம் என் வாசல் கதவுத் திறப்பு ஒன்று கொடுத்து வைத்திருந்தேன். திறந்து வந்தவள் கீழே கிடந்த என்னைப் பார்க்கவில்லை. "எஸி" என்றாள். கையை நீட்டினாள். பிள்ளை வந்து எனக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஓம், நான்தான் எடுத்தேன். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கோ. ஆனால் இதையும் எழுதவேணும். அம்புலன்ஸ் ஆக்கள் என்னைக் கொண்டுபோகும்போது பிள்ளை என் தள்ளுகட்டில் கம்பியைப் பிடித்தபடி வாசல் வரை வந்தாள். பிறகு வெளியில் வானத்தைப் பார்த்தாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். இரண்டு பொலிஸ் பிடித்தும் வாசலைத் தாண்ட ஏலாமல் போனது.

என் வீடு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பிடித்திருந்தது.