நாற்பத்திரண்டு பிளாப்பிகளும் ஒரு பீட விரிப்பும்

அறிவுக்கு அடைக்கலமாய் நிற்கும் இந்த நூலகத்தை அன்பால் ஆளும் அவைத்தலைவர் கெர்ட்டு அம்மையார் அவர்களே! மேல்கோட்டைக் கழற்றாமலே முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் சான்றோர்களே! பின்னறையில் காப்பிக் கெட்டிலுக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் காவல் நிற்கும் கருணைமிகு தாய்மார்களே! அறுவை ஆலையிலிருந்து மரத்தூள் மணக்க மணக்க வந்திருக்கும் மாண்புமிகு உழைப்பாளர்களே! ஆளுக்கொரு கணினியின் முன்னே, ஆளுக்கு நாற்பத்திரண்டு பிளாப்பி வட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, திகைப்பும் தித்திப்புமாய் அமர்ந்திருக்கும் இருபது மாணவமணிகளே, அவர்களுள் எழுபதைத் தாண்டிய மூன்று மணிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்!

முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வூர்த் தேவாலய மேடையில் பேசியவன் நான். அங்கே ஒருவரும் எனக்கு மறுமொழி சொன்னதில்லை. இங்கே... ஆம், என்ன தௌனோ?

"ஐயா, ஆமென் எப்போன்னு முன்னாடியே சொல்லிடுங்க, காப்பி ஆறுது!" என்கிறார். ஆறட்டும்! என் நெஞ்சு ஆறவில்லையே!

ஹோன்காவாராவின் மக்களே! கணினியை இயக்கும் இந்த லினக்ஸ் எங்கே பிறந்தது? பொன் விளையும் தேசத்திலா? படை நடத்தும் பேரரசிலா? நம் பின்லாந்தில் பிறந்தது! ஐந்தே ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் அறையில் பிறந்தது! காசு கேட்காமல் தரப்பட்டது. கதவு பூட்டாமல் தரப்பட்டது. "எடுத்துக்கொள், பிரித்துப் பார், திருத்து, பிறர்க்குக் கொடு" என்று தரப்பட்டது. திருமறையில் மூழ்கிய கிழவனுக்கு இந்தக் கொடையின் குரல் புதியதா என்ன? கேட்ட கணமே எனக்குப் பழகிய குரலாக ஒலித்தது.

ஆனால் நான் லினக்ஸ் கற்றது கொடையின் மேன்மையால் அன்று. ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. அதனால் கற்றேன்.

அதோ, மூன்றாம் வரிசையில், நீலக் கம்பளிச் சட்டையில் அமர்ந்திருக்கிறாரே, இன்கெரி! பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பதினோரு ஆண்டுகளாக நம் வட்டாரச் செய்தித்தாளின் பிழை திருத்துநர். அவர் விசைப்பலகைக்குக் கீழே ஒரு பிரெய்ல் பட்டை உண்டு. திரையில் தோன்றும் வரி, அதில் புள்ளிப் புள்ளியாய் எழும்பும், அவர் விரல் தடவும், பிழை பிடிபடும். சென்ற குளிர்காலத்தில் அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. திரை முழுதும் படம்! தொட்டுச் சொடுக்கச் சுட்டெலி! பிரெய்ல் பட்டையோ படத்தைப் படிக்கத் தெரியாமல் ஊமையாகிவிட்டது.

ஆசிரியர் நல்ல மனிதர். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னாராம்: "இன்கெரி, ஈஸ்டர் முடிஞ்சு செவ்வாய்க்கிழமை பழைய மெஷினையெல்லாம் எடுத்துடுவாங்க. அன்னைக்கு நீ வேற எதுலயாவது படிச்சுக் காட்டினா உன் நாற்காலி உனக்கு. இல்லேன்னா எனக்கு வேற வழி தெரியலம்மா."

கலங்கினாரா இன்கெரி? கண்ணீர் விட்டாரா? அறுவை ஆலையின் மின்பணியாளரும் வானொலிப் பித்தருமான நம் தௌனோவைத் தொலைபேசியில் அழைத்தார். எழுத்தாலேயே இயங்கும் லினக்ஸில் பிரெய்ல் பட்டை பேசும் என்று அவரிடம் கேட்டறிந்தார். ஒவுலு நகரத்து நண்பர் ஒருவர் அஞ்சல் பேருந்தில் நாற்பத்திரண்டு பிளாப்பிகளை அனுப்பினார். நிறுவும் கையேடு இருநூறு பக்கம். இந்த நூலகத்தின் பிரெய்ல் அச்சுப்பொறியில் அதைத் தாள் தாளாய் எடுத்து, மாசி முழுதும் விரலால் வாசித்தார்.

என் பங்கு என்ன? பிரெய்ல் பட்டை உயிர்பெறும் வரை திரையில் வருவதை யாரேனும் படித்துச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற போதகனைவிட உரக்கப் படிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

படித்தேன் ஐயா, படித்தேன்! "இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழியும். சம்மதமா?" என்று திரை கேட்டது. இறுதித் தீர்ப்பை வாசிக்கும் குரலில் நான் வாசிக்க, இன்கெரி சொன்னார்: "ஐயா, இது அடக்க ஆராதனை இல்ல. 'ஒய்' அமுக்கட்டுமா?"

பிளாப்பி ஒன்று, பிளாப்பி இரண்டு, பிளாப்பி பத்து! ஒவ்வொன்றின் தலையிலும் அவரே குத்திய பிரெய்ல் எண். இருபத்தேழாவது பிளாப்பி படிக்க மறுத்தது. தௌனோ அதை இருமுறை தட்டினார்; படித்தது. ஏன் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது! அடுத்து அமைப்பு வேலை. பட்டை எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லி, அதன் மையநிரலை நாமே தொகுத்து எடுக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம். "சவுனா சூடாக ரெண்டு மணி. அப்போ ஒரு மணி லாபம்!" என்று அடுப்பில் பிர்ச் விறகை அடுக்கினார் தௌனோ. நாங்கள் அந்த நீராவிக் குளியலில் வெந்து, பனியில் புரண்டு, திரும்பி வந்தோம். இயந்திரம் எழுந்தது! பட்டையில் புள்ளிகள் துள்ளின! இன்கெரி தடவினார். "நுழைவுப்பெயர் கேக்குது" என்றார். அவ்வளவுதான். நம் ஊரில் அதற்கு மேல் ஆனந்தக் கூத்தாட அனுமதி இல்லை.

ஆனால் அன்பர்களே, ஆனந்தம் அரைகுறை! தலையில் இரு புள்ளி சூடிய நம் மொழியின் எழுத்துகள் வரும்போதெல்லாம் பட்டையில் வெறும் பள்ளம். பின்லாந்து மொழியில் பிழை திருத்துபவருக்கு அந்த எழுத்துகள் இல்லையென்றால் என்ன மிச்சம்? புதிய பிரெய்ல் நிரல் ஒன்று அவற்றைக் காட்டும் என்றார்கள். அந்த நிரலோ புதிய நிரல் நூலகத்தைக் கேட்டது. நிரல் நூலகம் என்பது என்ன? கணினியின் கட்டளைகள் எல்லாம் ஓடிப்போய்ச் சொல் எடுத்து வரும் பொது இடம். கட்டளைகள் அங்கே வழி கண்டு போவதற்கு வாசலில் ஒரே ஒரு பெயர்ப்பலகை உண்டு. மேம்படுத்துவது என்றால், அந்தப் பலகையைப் பழைய நூலகத்திலிருந்து புதியதற்குத் திருப்புவது.

புனித சனிக்கிழமை மதியம், இன்கெரியின் வீடு. காலையில்தான் நம் தேவாலயத்தில், முன்னாள் போதகன் என்ற உரிமையில், பெரிய வெள்ளியின் கறுப்பு விரிப்பைப் பீடத்திலிருந்து எடுத்து மடித்து, உயிர்ப்பின் வெள்ளை விரிப்பை விரித்துவிட்டு வந்திருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம்! பழையதை எடு, பீடத்தைத் துடை, புதியதை விரி.

இன்கெரி காப்பி எடுக்கச் சமையலறைக்குப் போனார். திரையின்முன் நான் தனியே. கையேடு விரிந்திருக்கிறது. நல்லது செய்வோம் என்று நினைத்தேன். பழையதை அகற்றாமல் புதியதை எப்படி வைப்பது? பழைய பெயர்ப்பலகையை அழிக்கும் கட்டளையைத் தட்டினேன்.

தட்டினேன்! தொலைந்தது!

அடுத்துப் புதியதை வைக்கும் கட்டளையைத் தட்டினால், "நூலகம் காணவில்லை" என்றது. கோப்புகளைக் காட்டு என்றேன்; காணவில்லை. நகல் எடு என்றேன், காணவில்லை. அத்தனை கட்டளைகளும் வழி தேடி வந்த பலகை அதுதானே! புதுப்பலகை மாட்டும் கட்டளையும் அதே பலகையைப் பார்த்துத்தான் வரவேண்டும். ஏணியில் நின்றுகொண்டே அதை அறுத்துவிட்டேன், ஐயா!

இன்கெரி திரும்பி வந்து பட்டையில் விரல் வைத்தார். விரல் நின்றது.

"ஐயா, என்ன அடிச்சீங்க?"

"பழையதை எடுத்தேன்மா..."

"புதுசு வைக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"பீடத்தில் அப்படித்தானேம்மா..."

மூலையில் வானொலி ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த தௌனோ எழுந்தார். "விடு தங்கச்சி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாம்!"

"தொடாதீங்க அண்ணே!" அந்த மென்மையான பெண்ணிடம் அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை. "ஆஃப் ஆனா மறுபடி எழுந்திருக்காது. ரெண்டு பேரும் கையை மடியில வெச்சிக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தோம். செவ்வாய்க்கிழமைக்கு மூன்றே நாள். இடையில் ஈஸ்டர், திறந்த கடையில்லை, ஓடும் பேருந்தில்லை. அவர் பதினோரு ஆண்டு உழைப்பை என் ஒற்றை விரல் உடைத்துவிட்டது. நான் செபித்தேன். மறைக்க மாட்டேன், வார்த்தை வராமல் செபித்தேன்.

இன்கெரி முணுமுணுத்தார்: "நூத்தி அறுபத்தொண்ணாம் பக்கம்... கீழேர்ந்து நாலாவது வரி... நூலகத்தை நம்பாம தன் கால்லயே நிக்கிற ஒரு குட்டிக் கட்டளை இருக்கு. பலகை மாட்ட மட்டும் தெரியும். அவசரத்துக்குன்னு போட்டிருந்தாங்க."

"நான் மூணு தடவை படிச்சேன், அப்படி ஒண்ணுமே இல்லையே!" என்றார் தௌனோ.

"நீங்க கண்ணால படிச்சீங்க அண்ணே."

கேட்டீர்களா, கேட்டீர்களா! கண் தாவும், விரல் தாவாது! கண் கொழுத்த தலைப்பை மேயும். விரல் குறுகிய அடிக்குறிப்பையும் தொடும்! இருநூறு பக்கத்தில் ஒரு புள்ளியையும் விட்டுவைக்காத அந்த விரல்கள் ஒரே ஒரு வரியைத் தட்டின. கோப்புகளைக் காட்டு என்றார். காட்டியது! அத்தனையும் காட்டியது! கணினி உயிர்த்தது! நாளைய பண்டிகை என் நெஞ்சில் ஒரு நாள் முந்தியே பிறந்தது!

புதிய நிரல் ஓடியது. பட்டையில் பள்ளம் இருந்த இடத்தில் புள்ளிகள் முளைத்தன. இன்கெரி ஒரே எழுத்தை மூன்று முறை தடவினார். "வந்துடுச்சு" என்றார். தௌனோ அவசரமாய் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷமாம்!

செவ்வாய்க்கிழமை அந்தக் கணினியைச் செய்தித்தாள் அலுவலகத்துக்குத் தூக்கிப் போனோம்; அங்கே சோதனைக்கென்று ஆசிரியர் கொடுத்தது எது தெரியுமா? நான் எழுதிய ஈஸ்டர் மடல்! அதில் நான்கு பிழை பிடித்தார் இன்கெரி. ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, நாளைய பக்கம் காத்துக்கிட்டிருக்கு" என்றார். சிரியுங்கள், சிரியுங்கள்! அந்த நான்கு பிழைகளைப்போல் நான் எழுதிய எதுவும் ஒருவருக்கு உதவியதில்லை!

மாணவமணிகளே! இன்று உங்களுக்கு ஆசான் யார்? அந்த இன்கெரிதான். அவர் சொல்லும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். பிளாப்பி மறுத்தால் மறுபடி போடுங்கள். திரை மிரட்டினால் முழுவதும் வாசியுங்கள். தெரியவில்லையா? கேளுங்கள்! தெரிந்ததா? கொடுங்கள்! இலவசமாய்ப் பெற்றதை இறுக்கிப் பிடிக்கும் கை நம் கையாக இருக்க வேண்டாம்!

கடைசியாக ஒன்று, தௌனோ, ஆமென் நெருங்கிவிட்டது. சென்ற ஞாயிறு பீடத்துக்குப் பச்சை விரிப்பு மாற்றும் நாள். புதியதைப் பழையதன்மேல் விரித்தேன். அது சுருக்கமின்றி நிலைத்தபின், அடியிலிருந்து பழையதை மெல்ல உருவினேன். ஒரு நொடிகூடப் பீடம் வெறுமையாய் நிற்கவில்லை. கோயில் பணியாளர் விழித்துப் பார்த்து, "இதென்ன ஐயா புது முறை?" என்றார். "இன்கெரி முறை" என்றேன்.

பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், ஆறிய காப்பியை மறுபடி சூடாக்கப் போகும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்கெரி, எழுந்து வாருங்கள் அம்மா; முதல் பிளாப்பி உங்களுக்காகக் காத்திருக்கிறது. அனைவருக்கும் வணக்கம்!