மூக்கில்லாதான் கழுத்தில் ஒட்டிய பாட்டு

இலத்தீன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு எங்களை மேய்க்க வந்தவரும், இந்த அவைக்குத் தலைவருமாகிய மேயர் ருஜேரோ அவர்களே. புளோரன்சிலிருந்து வந்து பிளந்து கட்டிய பேராசிரியப் பெருந்தகையே. வெயில் தாழுமுன்பே முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட முதியோரே. தக்காளிச் சாற்றைச் சிறுதீயில் வைத்துவிட்டு, ஒரு காதை எனக்கும் ஒரு காதை அடுப்புக்கும் தந்திருக்கும் தாய்மார்களே. திராட்சைக் கறை படிந்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் காப்பிக்கடை நோரினா வணங்குகிறேன்.

பழைய ரோமும் மறுமலர்ச்சிக் காலமும் நமக்கு விட்டுச்சென்றது என்ன? இதுதான் தலைப்பு. பேராசிரியர் விதானங்களைச் சொன்னார், வண்ணங்களைச் சொன்னார், ஞானிகளைச் சொன்னார். நான் என்ன சொல்ல? என் கடை வாசலில் நின்றால் எது தெரிகிறதோ அதைச் சொல்கிறேன். அங்கே தெரிவது மூக்கில்லாதான்.

பின்வரிசையில் கைதட்டுகிறவர்கள் பொறுங்கள். இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூக்கில்லை, கையில்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ரோமானியர் செதுக்கியது, மாதா கோயிலுக்குக் கடைக்கால் தோண்டியபோது நம் முன்னோர் கண்டெடுத்தது. அந்நாளில் ஊரை ஆண்ட ஆயர் அதைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி அனுப்பினார். அன்று யாரோ ஒருவர் அதன் கழுத்தில் ஒரு தாளை ஒட்டினார்: ‘ஆயருக்கு வரி கட்டியே என் சட்டையும் போச்சு, கையும் போச்சு.’ ஆயர் படித்தார், சிரித்தார், வெறும் வண்டியைத் திருப்பினார். அன்றிலிருந்து இவ்வூரில் குறையுள்ளவர் கோட்டைக்குப் போவதில்லை. பாட்டெழுதி மூக்கில்லாதான் கழுத்தில் ஒட்டுகிறார். கல்லுக்கு வாயில்லை, ஆனால் நம் வாயெல்லாம் அந்தக் கல்லில்தானே இருக்கிறது?

இப்போது நம் தலைவரின் கதைக்கு வருகிறேன். முறைக்கிறார். அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன் ஐயா. உங்களிடம் அல்ல, உங்கள் மனைவியிடம்.

போன பனிக்காலத்தில் பாட்டுகள் பெருகின. எல்லாம் மேயரைப் பற்றி. அவர் என்ன செய்தார்? மூக்கில்லாதானைக் ‘கௌரவிக்க’ முடிவெடுத்தார். மாவட்டத் தலைநகர் அருங்காட்சியகத்தில் அவனுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. இங்கே அதற்குப் பதில் மூக்கு வைத்த சாந்துப் பொம்மை, ‘ஒட்டாதீர்’ என்ற பலகையோடு. மதிப்பென்று சொல்லி வாயை மூடுவது எவ்வளவு மரியாதையான வழி பாருங்கள்.

பாரந்தூக்கி வந்தது. ஊரே சதுக்கத்தில் கூடியது. அப்போது, வண்டியில் பன்றி வறுவல் விற்கும் தொமித்தில்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பசைக் கிண்ணம். சிலையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்ததால், எழுதி வந்த தாளை மேயரின் மேற்சட்டையிலேயே ஒட்டிவிட்டாள்.

“என்னம்மா இது?” என்றார் மேயர்.

“அவனைத்தான் கட்டிப் போட்டுட்டியேப்பா. நீயும்தான் நாள் பூரா இங்க நிக்கிற, உன் மேல ஒட்டினா என்ன?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேயர் தாளை உரித்தார். கிழித்து எறியப் போனார். ஆனால் வாத்தியார் கண் சும்மா இருக்குமா? உரக்கப் படித்தார்:

‘செத்தும் நனைந்தான் செசாரே மழையினிலே;
மேயர் அவர்களே உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.’

“இது என்ன ரெண்டாவது வரி?” என்றார். “முதல் வரி நல்லா நடக்குது, ரெண்டாவது நொண்டுது.”

“நொண்டத்தான் செய்யும். உன் ரோட்டுல நடந்து வந்த வரிதானே.”

அவர் பேனாவை எடுத்தார். எதுகை தேடினார். ஐயா, ஒரு பாட்டைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் அதைப் படித்தாக வேண்டும் அல்லவா? எழுத்தெழுத்தாகப் படித்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

“செசாரே... உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா. சவ வண்டி கல்லறை ரோட்டுக் குழியில இறங்கிடுச்சு. மழை. பெட்டியத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. மழையில நனைஞ்சா அவருக்குச் சளி பிடிச்சுக்கும்னு உயிரோட இருந்தப்ப நான் குடையில்லாம அனுப்பினதே இல்ல.”

 பாரந்தூக்கிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். மேயர் தன் முழங்காலில் தாளை வைத்து இரண்டாவது வரியை அடித்தார். புதிதாக ஒன்று எழுதிப் படித்தார்:

‘செத்தும் நனைந்தான் செசாரே மழையினிலே;
பித்தளைப் பேர்ப்பலகை பெற்றவர்க்கோ கண்ணில்லை.’

தன்னைத் தானே இவ்வளவு அழகாகத் திட்டிக்கொண்ட மேயரை நான் பார்த்ததில்லை. தொமித்தில்லா ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“இப்ப நடக்குது,” என்றாள்.

மேயர் கயிற்றை அவரே அவிழ்த்தார். ஆலிவ் பூக்குமுன் கல்லறைச் சாலை கல் பாவி முடிந்தது.

அன்பர்களே, முன்னோர் விட்டுச்சென்றது பளிங்கா? பளிங்கு உடையும். ஓவியமா? ஓவியம் உதிரும். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே அளவோடும் அழகோடும் சொல்லும் துணிவு ஒன்று. சொன்னதைப் படித்துப் பார்க்கும் வெட்கம் ஒன்று. இவை இரண்டும் ஓர் ஊரில் உயிரோடு இருந்தால் அங்கே ரோமும் இருக்கிறது, மறுமலர்ச்சியும் இருக்கிறது. இல்லையென்றால் எத்தனை கண்ணாடிப் பெட்டி வைத்து என்ன பயன்?

அன்று எல்லாம் முடிந்தபின் மேயர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “நானே ஒட்டட்டுமா?” என்று கேட்டார்.

தொமித்தில்லா பசைக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். “மொதல்ல மை காயட்டும்பா,” என்றாள். இருவரும் தாளின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.

பேச விட்ட தலைவருக்கும், சிரித்துக் கேட்ட உங்களுக்கும், இன்னும் அடிபிடிக்காமல் காத்திருக்கும் தக்காளிச் சாற்றுக்கும் நன்றி. வணக்கம்.