இரண்டு நொடியில் எழும் மென்பொருள்

யாரையும் காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்; நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகம் என் பொறுப்பு. கணிதத் துறைக்கென்று அங்கே ஒரு மென்பொருள் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் விடை தரும். ஆனால் திறப்பதற்கே நாற்பது நொடி எடுக்கும். பேராசிரியர் மீரா சாகிபு அதைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார். "என்னப்பா வேல்ராஜ், இது எந்திரிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன் போல" என்பார். எனக்கு அவமானமாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவதால்தான் அந்தத் தாமதம். ஒரு சனிக்கிழமை அதை முழுதாக ஏற்றி, அந்த நிலையை அப்படியே ஒரு கோப்பில் சேமித்தேன். இனி எப்போது திறந்தாலும் அங்கிருந்தே எழும். இரண்டே நொடி. மீரா சாகிபு டீயைக் குறைத்துக்கொண்டார். அவருடைய சர்க்கரைக்கும் அது நல்லதுதான்.

அதிகம் மகிழ்ந்தவள் ஆய்வு மாணவி பூமயில். நயினார்கோவில் பக்கம் அவள் ஊர்க் கண்மாய்க் கரை பெருமழையைத் தாங்குமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தாயம் உருட்டுவதுபோல மென்பொருள் ஏதோ ஒரு மழைக்காலத்தை உருவாக்கும். கரை நின்றதா, உடைந்ததா என்று சொல்லும். சட்டென்று திறக்கிறதே என்று, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து ஆயிரம் முறை ஓட்டினாள்.

"அண்ணே, ஒரு தடவகூட ஒடையலண்ணே. நாளைக்கு ஊர்க் கூட்டத்துல சொல்லப் போறேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலை அவள் கோப்புகளைச் சும்மா புரட்டினேன். அந்தச் சனிக்கிழமைக் கோப்பில், தாயம் அடுத்து எப்படி விழும் என்பதையும் நான் சேர்த்தே சேமித்துவிட்டிருந்தேன். அவள் பார்த்தது ஆயிரம் மழைக்காலம் இல்லை. ஒரே மழைக்காலத்தை ஆயிரம் முறை. அதுவும் சாதுவான மழை.

திருத்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி நேற்றுவரை ஏன் இல்லை என்று கேட்பார்கள். பழையபடி நாற்பது நொடிக்கே போகச் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் சிரிப்பைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. நான் கொஞ்சம் இளகின மனசுக்காரன்.

கூட்டத்தில் அவள் பேச்சை நம்பி, கரையை உயர்த்தும் வேலையைத் தள்ளிவைத்தார்கள். அவள் அய்யா வீரபத்திரன் கரைக்குக் கீழே இருந்த தன் நிலம் முழுவதும் நெல் விதைத்தார். போன வியாழக்கிழமை கரை உடைந்தது. கதிர் வரும் நேரத்தில் எல்லாம் மண்மூடிப் போனது. தன் கணக்கில்தான் எங்கோ பிழை என்று பூமயில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

என்னைப் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே கரைக்குக் கீழே என் தாய்மாமன் காளிதாஸுக்கும் நிலம் இருக்கிறது. அந்தக் கூட்டம் முடிந்த கையோடு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருசம் மட்டும் தரிசாப் போட்ருங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.