மூணு பாட்டில், ஒரு மூக்கு

— ஒரு தடவை மோந்தாச்சு சார். புளிச்ச வாடை. அம்புட்டுத்தான். அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?

— புளிச்ச வாடைன்னு சொன்னா நான் எதை மனப்பாடம் பண்றது மலைச்சாமி? டம்ளரைச் சுத்து. லேசா. யோவ், மோர் கடையிற மாதிரி இல்லய்யா, மாடியெல்லாம் சிந்துது. இப்ப மூக்கை உள்ள விடு. என்ன தெரியுது?

— முப்பது வருசம் ஸ்கூலு கேட்டுல நின்னவனுக்கு இப்பிடி ஒரு வேலை. இருங்க... புதுச் செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. தோலு வாடை. அடியில கொஞ்சம் நாவப்பழம்.

— பிரமாதம்! தோல், நாவல்பழம். எழுதிக்கிறேன். ஒண்ணாம் நம்பர், கேபர்நே திராட்சை.

— பேரெல்லாம் எனக்கெதுக்கு? ஞானசீலன் சார், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. வாடையே தெரியாத மனுசனுக்கு எதுக்கு இந்த ஒயினு? பச்சத்தண்ணியும் இதுவும் உங்களுக்கு ஒண்ணுதானே?

— ஒண்ணு இல்ல. நாக்கு இருக்கு. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் தெரியுது. வாடைதான் மார்ச் மாசக் காய்ச்சலோட போச்சு.

— டாக்டரு என்ன சொல்றான்?

— முதல்ல மூணு மாசத்துல வந்துரும்னார். அப்புறம் ஆறு மாசம்னார். போன வாரம், இனிமே வராது, பழகிக்கங்கன்னுட்டார்.

— மொத நாளே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். திரும்பத் திரும்ப வர வைக்கணும்ல. எவனையும் நம்பாதீங்க.

— அவரை விடு. நாளைக்கு ஸ்டீவ் வர்றான். கிறிஸ்மஸுக்கு வந்தா எங்களுக்குள்ள ஒரு பந்தயம், ஏழு வருசமா. பூசைக்குப் போயிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி, பாட்டிலுக்குப் பேப்பரைச் சுத்திருவான். கலர் தெரியக்கூடாதுன்னு எவர்சில்வர் டம்ளர்லதான் ஊத்துவான். எந்த ஊரு, எந்தத் திராட்சைன்னு நான் சொல்லணும். இதுவரைக்கும் தோத்ததில்ல.

— தோத்தாத்தான் என்ன? பெத்த மகன்கிட்ட தோத்தா தலையா போயிரும்?

— தலை போகாது, வீடு போயிரும். ஈஸ்டருக்கு வந்தவனுக்கு ஊசிப்போன மீன்குழம்பை ஊத்திட்டேன். வாயில வச்சவன் துப்பிட்டான். நான் பாட்டுக்குப் பிசைஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்கே சந்தேகம் விழுந்துருச்சு. வாடை தெரியலைன்னா தனியா விடமாட்டேன்ங்கிறான். என் வீட்டுக்காரி பிலோமினாள் போனதுல இருந்தே கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான். பெங்களூரு. பதினொண்ணாவது மாடி. மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுரலாமாம். இந்த மூணு பாட்டிலையும் முன்கூட்டியே அனுப்பி, குடிச்சுப் பழகிக்கங்கப்பா, நாளைக்கு மூணுல ஒண்ணைத்தான் ஊத்துவேன்ங்கிறான். பந்தயம் இல்லய்யா இது. பரீட்சை.

— பெங்களூரா! எங்க மச்சினன் ஒருத்தன் அப்பிடித்தான் மகன் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தது போட்டோதான். கூட்டிட்டுப் போறவன் எதுக்குக் கூட்டிட்டுப் போறான்னு யாருக்குத் தெரியும்?

— ஸ்டீவ் நல்லவன் மலைச்சாமி. அதான் பயமா இருக்கு.

— சரி சரி, ரெண்டாம் நம்பரை ஊத்துங்க.

— இந்தா, ஷிராஸ். சுத்தி மோந்து பாரு.

— இது... மிளகு. ரசத்துக்கு இடிச்சுப் போட்ட மாதிரி. அப்பறம் புகை. தண்ணி தெளிச்சு அணைச்ச கரியில வருமே, அந்தப் புகை. இதைக் குடிக்கலாம் சார். முன்னாடி குடுத்தது ஈறைப் புடிச்சு இழுத்துச்சு. இது இழுக்கல.

— இழுக்கலையா? கொண்டா, நானும்... அட, ஆமாய்யா! ஒண்ணாவது கவ்வுது, பிஞ்சு வாழைக்காயைக் கடிச்ச மாதிரி. இது தொண்டையில போயிச் சுடுது. மலைச்சாமி, வாடையே இல்லாம நாக்குலயே பிரிச்சுரலாம்யா!

— அப்ப மூணாவது?

— கம்பம் பன்னீர் திராட்சை.

— இதை மோக்க வேற செய்யணுமா? இங்கருந்தே வருதே. சிம்மக்கல்லுல சாயங்காலம் பழக்கடையைக் கழுவி விடுவாய்ங்கள்ல, மிதிபட்ட திராட்சையும் ஈரச் சாக்கும், அந்த வாடை. வாயில வச்சா சக்கரைப் பாகு.

— இனிப்பு. இது சுலபம். ஆனா ஸ்டீவ் அதோட விடமாட்டான், என்ன வாசனைன்னு கேப்பான். அதுக்குத்தான் உன் மூக்கு. தோல், நாவல்பழம். மிளகு, கரிப்புகை. மூணாவதுக்குத் திராட்சை.

— ஈரச் சாக்கு. அதையும் சொல்லுங்க.

— ஈரச் சாக்குன்னு எந்த ஒயின் புஸ்தகத்துலயும் கிடையாது.

— புஸ்தகம் எழுதுனவன் சிம்மக்கல்லுக்கு வந்தானா? பேசாம திரும்பி உக்காருங்க. நான் மாத்தி மாத்தி ஊத்துறேன். பிட்டு அடிக்கிற பயலுக மாதிரி எட்டிப் பாக்கக்கூடாது.

— பாக்கல. குடு... கவ்வுது. ஒண்ணாம் நம்பர்.

— இது?

— இனிப்பு. கம்பம்.

— இது?

— இதுவும்... கம்பம்தான். அதையே திருப்பி ஊத்திட்ட. என்னையே சோதிக்கிறியா?

— யாரையும் நம்பக்கூடாதுல்ல. இது?

— சுடுது. ஷிராஸ். மிளகு, கரிப்புகை.

— சார்! நாலுக்கு நாலு! வாடை தெரிஞ்ச நானே ஒண்ணுல தடுமாறியிருப்பேன்.

— ஒம்பது மாசமா சோறு அட்டையை மெல்ற மாதிரி, காபி வெந்நி மாதிரி. இன்னிக்குத்தான்யா வாயில ஒண்ணு விழுந்துச்சுன்னு தெரியுது. இந்த கேபர்நே... நல்லாத்தான் இருக்கு. அந்தக் கவ்வல் இருக்கே, போகமாட்டேங்குது பாரு. ஆள் நிக்கிற மாதிரி நிக்குது.

— குடிங்க, குடிங்க. நாளைக்கு மூஞ்சி தொங்கப்போறது உங்க மகனுக்குத்தான். அவன் என்னையக் கூப்பிட்டுக் கேட்டாலும் என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. சத்தியம்.

— மாதா மேலயா?

— மீனாட்சி மேல. மாதாவுக்கும் எனக்கும் பழக்கமில்ல.

— அது போதும். வா, கீழ போயி டீ குடிப்போம். பாட்டிலை நான் எடுத்துக்கிறேன், நீ படியைப் பாத்து இறங்கு.

— நீங்க முன்னால போங்க. நான் டம்ளரை எடுத்துக்கிட்டு வாரேன்.

— இந்தக் கதவு வேற மழைக்கு ஊதிப்போயி... ம், தெறந்துருச்சு. என்ன இப்பவே இம்புட்டு இருட்டு. லைட்டைப் போடுறேன்.

— போடாதீங்க!

— ஏன்யா?

— சுவிட்சுல இருந்து கையை எடுங்க சார். எடுங்க!

— எடுத்துட்டேன். என்ன, பாம்பா?

— உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?

— என்ன தெரியணும்?

— கேஸு சார். வீடு பூரா கேஸு. இப்பிடியே படியில நில்லுங்க. உள்ள வராதீங்க.

— பால்... மேல வர்றப்ப பாலை வச்சேன். சிம்லதான வச்சேன்...

— பொங்கி அடுப்பை அணைச்சிருக்கு. சிலிண்டரை மூடிட்டேன். ஜன்னலைத் தெறந்துட்டேன். வராதீங்கன்னு சொல்றேன்ல!

— வரல, வரல. போயிருச்சா?

— எனக்குத் தலை கிறுகிறுங்குது. இன்னும் போகல. அங்க உங்களுக்கு வரலையா?

— இல்ல. எப்பவும் போலத்தான் இருக்கு.

— சுவிட்சை அமுக்கியிருந்தா...

— தெரியும், சொல்லாத. இனிமே பால் வச்சா பக்கத்துலயே நிப்பேன். அடுப்பை விட்டு நகரமாட்டேன். ஒரே ஒரு தடவைதானய்யா. நாலுக்கு நாலு சொன்னேன்ல? மலைச்சாமி, என்னய்யா அப்பிடிப் பாக்குற? சத்தியம் பண்ணியிருக்க.

— பண்ணுனேன். மாடிக்கு வாங்க, போனை எடுத்து ஸ்டீவைக் கூப்பிடுங்க. எனக்குப் பேரு பாத்து அமுக்கத் தெரியாது சார், ரிங்கு போனதும் எங்கிட்ட குடுங்க.